நடக்குதா, ஓடுதா?

அந்த டாக்டரம்மாவிடம் யாரும் சும்மா கை நீட்டிவிட முடியாது. தேவராஜ மார்க்கெட்டில் மல்லிகையைக் கை விரித்து மாரு போட்டு அளக்கும் பூக்காரர் பொட்டலத்தை நீட்டினால், ஒரு கையால் பொட்டலத்தை வாங்கிக்கொண்டே மறு கையின் இரண்டு விரல்களை அவர் மணிக்கட்டில் வைத்துவிடுவார். கண் மேலே தகரக் கூரையைப் பார்க்கும், உதடு மட்டும் அசையும். பின்னால் நிற்கும் பெண்கள் முணுமுணுப்பார்கள். டாக்டரம்மாவுக்கு அதெல்லாம் காதில் விழாது. "நடக்குது, நல்லாவே நடக்குது" என்று சொல்லிவிட்டுத்தான் கையை விடுவார்.

ஆட்டோக்காரர், தபால்காரர், கோயிலில் தீபத்தட்டு நீட்டும் பூசாரி, யாரும் தப்பியதில்லை. "ஏன் ஓடுது? மாடி ஏறி வந்தியா? காப்பி எத்தனை? வீட்ல சண்டையா?" என்று அடுக்குவார். நெஞ்சுத் துடிப்பு அவருக்கு நடக்கும், அல்லது ஓடும். மூன்றாவதாக ஒன்று கிடையாது. "காது மூக்கு தொண்டை பாக்கிற அம்மாவுக்கு நெஞ்சுல என்ன வேலை?" என்று மார்க்கெட்டில் கிண்டல் செய்வார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பேன். ஆனால் சிரித்து முடிக்கும்போது வாய் கசக்கும். அந்தப் பழக்கம் அவருக்கு வந்ததே என்னால்தான்.

நான் அப்போது ஒரு ஊதுபத்திக் கம்பெனியில் வாசனை பார்க்கிற வேலையில் இருந்தேன். சிரிக்காதீர்கள், மைசூரில் அப்படி ஒரு வேலை உண்டு. வெறும் குச்சியில் வாசனை எண்ணெய் ஏற்றிக் காயவைத்ததும், ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒன்றைக் கொளுத்தி, சந்தனம் சந்தனமாக இருக்கிறதா, மல்லிகையில் எண்ணெய் கெட்ட வாடை தட்டுகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நான் சரி என்றால் டப்பாவுக்குப் போகும், இல்லை என்றால் முதலாளி எண்ணெய் கலக்கினவனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்பார். படிப்பு எனக்கு ஏறவில்லை. கொள்ளேகால் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தபோது கூட வந்தது இந்த மூக்கு ஒன்றுதான். என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டினார். அதில் வருவது பெட்ரோலுக்கும் அவர் நண்பர்களுக்கும் சரியாக இருந்தது. வீடு என் மூக்கில்தான் நின்றது.

அந்த மூக்கு அடைக்க ஆரம்பித்தது. முதலில் இடது பக்கம், பிறகு இரண்டு பக்கமும். ஆவி பிடித்தேன், மிளகு மென்றேன், யார் எதைச் சொன்னாலும் செய்தேன். ஒருநாள் தாழம்பூவுக்கும் ரோஜாவுக்கும் வித்தியாசம் தெரியாமல் திருதிருவென்று விழித்தபோதுதான் பயம் வந்தது. அப்படித்தான் அந்த நர்சிங் ஹோமின் மாடிப்படி ஏறினேன். நாலு கட்டில், ஒரு சிஸ்டர், ஜெயம்மா என்று ஒரு ஆயா, டாக்டரம்மா. அவ்வளவுதான் நர்சிங் ஹோம்.

டாக்டரம்மா மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். பேச்சில் கன்னடம் பாதி கலந்திருக்கும், 'இல்லையா' என்பதற்கு 'அல்வா' என்பார். மூக்குக்குள் விளக்கை விட்டுப் பார்த்துவிட்டு, "நடு எலும்பு வளைஞ்சிருக்கு, அல்வா? நிமித்திட்டா ஆச்சு. மயக்கம் போட வேண்டாம். மூக்கை மட்டும் மரக்க வெச்சு எடுத்துடலாம். நீ என்னோட பேசிட்டே இருக்கலாம்" என்றார்.

"பயமா இருக்குதுங்க" என்றேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எனக்குப் புரியும்வரை சொன்னார். எந்த டாக்டர் அப்படிச் சொல்வார்? மரக்க வைக்கும் மருந்தோடு இன்னொரு மருந்தும் சேர்க்க வேண்டுமாம். அதுதான் ரத்தத்தை நிறுத்துமாம். இல்லாவிட்டால் மூக்கு முழுக்க ரத்தமாகி எதுவும் தெரியாதாம். ஆனால் அந்த இரண்டாவது மருந்து நேராக நெஞ்சைப் போய்த் தட்டும். பஞ்சுத் திரியில் நனைத்து மூக்குக்குள் வைப்பதற்குக் காரம் அதிகம். ஊசியில் ஏற்றுவதற்குக் காரம் ரொம்ப ரொம்பக் கம்மி. காரமானது ஊசியில் ஏறிவிட்டால் ஆபத்து.

"பாக்க ரெண்டும் தண்ணி மாதிரி ஒண்ணாத்தான் இருக்கும். அதான் கார மருந்துக் கிண்ணத்துக்கு நம்ம ஜெயம்மா நகப்பூச்சுல சிவப்பா ஒரு பொட்டு வெச்சிருக்கா. அவளோட ஐடியா" என்றார்.

ஜெயம்மா வாசலில் நின்று வெட்கப்பட்டுச் சிரித்தாள். ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். டாக்டரம்மாவோடு பல வருடம் இருந்து தமிழும் கன்னடமும் கலந்து ஒரு பாஷை பழகியிருந்தாள். டாக்டரம்மாவுக்கு முன்னால் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆனால் டாக்டரம்மா சாப்பிட்டாரா, செருப்பு மாற்றிப் போட்டிருக்கிறாரா, இதெல்லாம் அவள் கணக்கில்தான் ஓடியது.

கம்பெனிக்கு லீவு கிடைப்பது தசராவில்தான். யானை ஊர்வலமான ஜம்பு சவாரிக்கு மறுநாள் ஆபரேஷன் என்று முடிவானது. அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. மைசூரில் அந்த ஒருநாள் குமாஸ்தா டைப் மெஷினுக்கும் பொட்டு வைப்பார், டிரைவர் பஸ்ஸுக்கு வாழை மரம் கட்டுவார். ஆபரேஷன் தியேட்டர் மட்டும் விட்டுவைக்குமா? ஜெயம்மா கத்தரிக்கோல், இடுக்கி, கிண்ணம் எல்லாவற்றையும் பளபளவென்று தேய்த்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, ரத்தம் உறிஞ்சும் மெஷினுக்குச் சாமந்தி மாலை போட்டு, வாசலில் பூசணிக்காய் உடைத்தாளாம். மறுநாள் பூஜை கலைத்ததும் குங்குமம் போகத் திரும்பவும் ஒரு தேய்ப்பு. வேகவைத்து, துணியில் கட்டி, தயாராக வைத்துவிட்டாள். சிஸ்டர் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தாள்.

என்னைப் படுக்க வைத்து முகத்தில் பச்சைத் துணி போட்டார்கள். மூக்கு மட்டும் வெளியே. திரி வைத்தார்கள், ஜிலுஜிலுவென்று இருந்தது. டாக்டரம்மா ஊர்வலத்து யானையைப் பற்றி ஏதோ கேட்டார், நான் ஏதோ சொன்னேன். திரியை எடுத்துவிட்டு, "இப்போ ஸ்வல்ப குத்தும்" என்றார். குத்தியது.

நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். அடுத்த மூச்சில் கதவை உடைத்தார்கள். தலை வெடிக்கிறது, காதுக்குள் அடிக்கிறது, கை கால் உதறுகிறது. பச்சைத் துணிக்குள் கண்ணைத் திறந்து திறந்து மூடினேன்.

"டாக்டரம்மா, நெஞ்சு..."

"என்ன பண்ணுது? சொல்லு, நடக்குதா, ஓடுதா?"

"ஓடுதுங்க. ஐயோ, ஓடுதுங்க."

துணியைப் பிடுங்கி எறிந்தார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்கள், செத்தவள் கண் போல. "கிண்ணம் மாறிப்போச்சு! ஜெயம்மா, ஓடு, கீழ் கிளினிக் டாக்டரைக் கூப்பிடு!" என்று கத்தினார். தலைப்பக்கம் கட்டிலை உயர்த்தி, ஆக்சிஜன் வைத்து, என் மணிக்கட்டைப் பிடித்தவர் கையை விடவே இல்லை. கீழ் கிளினிக் டாக்டர் வந்து ஊசி போட்டு, ஏதேதோ செய்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போய், நெஞ்சு தன் நடைக்குத் திரும்பும்வரை அந்த இரண்டு விரல்கள் அங்கேயே இருந்தன. நான் பிழைத்தேன். மூக்கு மட்டும் அப்படியே கோணலாக, அடைத்தபடி.

என் வீட்டுக்காரர் ஆட்டோ ஸ்டாண்டில் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு நியாயம் கேட்க வந்தார். டாக்டரம்மா அவர்கள் வாயைத் திறக்கவிடவில்லை. கை கூப்பினார். "கிண்ணம் மாறிப்போச்சு. பூஜைக்குத் தேய்ச்சதுல சிவப்புப் பொட்டு அழிஞ்சிருந்துது. தப்பு என்னோடது. என்னை என்ன வேணா செய்யுங்க" என்றார். கோட்டு போட்ட ஒருத்தர் இப்படிச் சொல்லி எங்கள் ஆட்கள் யார் கேட்டிருக்கிறார்கள்? வந்த வேகம் அடங்கி, வீட்டுக்காரரே "விடுங்க மேடம், மனுசங்கதானே" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. டாக்டரம்மா விடவில்லை. ஆபரேஷன் என்று வருகிற ஒவ்வொருவரிடமும் முதல் வேலையாக இந்தக் கதையைச் சொன்னார். "என் கையால ஒரு பொண்ணோட ஹார்ட்டு ஓடிப்போச்சு. பொட்டு அழிஞ்ச கிண்ணம். தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க" என்பார். பாதிப் பேர் அப்படியே எழுந்து போனார்கள். மார்க்கெட்டில் என்னைப் பார்த்தால் போதும். "இவதான், நான் சொன்னேனே, இவதான்" என்று கூட்டத்துக்கு நடுவில் என் கையைத் தூக்கிக் காட்டுவார். தேங்காய்க் கடைக்காரர் என்னைச் செத்துப் பிழைத்தவள் என்று பார்ப்பார். மானம் போகும். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இப்படி ஒரு நேர்மையான மனுஷியா என்று ஊரே பேசும்போது, அந்த நேர்மை என்னை வைத்து வந்ததல்லவா?

அதை நன்றாகவும் பயன்படுத்திக்கொண்டோம். என் கொழுந்தனார் பிள்ளைக்குக் காதில் சீழ், குண்டலுபேட்டை நாத்தனாருக்குத் தொண்டை, எல்லாரும் என் பேரைச் சொல்லிக்கொண்டு மாடிப்படி ஏறினார்கள். டாக்டரம்மா யாரிடமும் ஒன்றும் வாங்கவில்லை. என் பேரைக் கேட்டதும் முகம் விழுந்துவிடும், ஓடி வந்து பார்ப்பார். அந்த முகம் விழுவதைப் பார்த்துக்கொண்டே நானும் ஆட்களை அனுப்பினேன்.

மூக்கு ஆபரேஷனை மட்டும் அவர் விட்டுவிட்டார். காது கழுவினார், தொண்டை பார்த்தார். மூக்கில் ஊசி என்றால் வேறு டாக்டரிடம் அனுப்பிவிடுவார். என்னையும் அனுப்பினார். நானும் மூன்று டாக்டரிடம் போனேன். நடந்ததைச் சொன்னதும் மூன்று பேரும் ஒன்றையே சொன்னார்கள்: உன் நெஞ்சில் ஏதோ கோளாறு இருக்கப்போய்த்தான் அப்படி ஆகியிருக்கும், நமக்கு எதற்கு வம்பு. "இவ ஹார்ட்டு தங்கம், அதைக் கெடுத்தது என் ஊசி" என்று டாக்டரம்மா போனில் கத்தினார். யாரும் நம்பவில்லை.

ஜெயம்மா தீபாவளிக்கு ஊருக்குப் போனவள் திரும்ப வரவில்லை. யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. டாக்டரம்மா ஒருநாளும் அவள் பேரை எடுத்ததில்லை. ஆனால் பொட்டு அழிந்தது என்று சொன்னால், கேட்கிறவன் அடுத்து என்ன கேட்பான்? அழித்தது யார் என்றுதானே கேட்பான். வருகிற நோயாளிகளெல்லாம் அவளை ஒரு மாதிரி பார்த்தார்களாம். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தால், "நீ வெச்சிட்டுப் போம்மா, சிஸ்டர் குடுப்பாங்க" என்றார்களாம்.

எங்கள் கம்பெனிக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பக்கம் வீடுகளில் பெண்கள் குச்சி உருட்டிக் கொடுப்பார்கள். ஒருமுறை மூட்டை வாங்கப் போன இடத்தில், மடியில் பலகையை வைத்து, கரி மாவில் கை கறுத்துப்போய், ஜெயம்மா உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "பன்னி பன்னி, ஒளகே பன்னி" என்று கன்னடத்தில் உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்டாள்.

நான் உள்ளே போகவில்லை. மூக்கடைப்பு, தலைவலி, வெயில், எல்லாம் சேர்ந்து என் வாயை அவிழ்த்துவிட்டது. "ஏம்மா, அப்படி என்னத்தைப் போட்டுத் தேய்ச்சே? பொட்டு அழியறதுகூடத் தெரியாமத் தேய்ப்பாளா ஒருத்தி? என் உசுரு போகத் தெரிஞ்சுதே" என்றேன்.

ஜெயம்மா கையிலிருந்த குச்சியைப் பார்த்தாள். பிறகு, "டாக்டரம்மா ஊட்டா மாட்றாங்களா, நேரத்துக்கு?" என்றாள். சாப்பிடுகிறாரா என்று கேட்கிறாள்! எனக்கு இன்னும் எரிச்சல்தான் வந்தது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த தசராவும் வந்து போனது. ஒருநாள் நான் சரி சொல்லி அனுப்பிய சந்தனப் பத்தி முழுக்கத் திரும்பி வந்தது. கொளுத்தினால் மண்ணெண்ணெய் வாடை என்று கடைக்காரர்கள் காறித் துப்பியிருந்தார்கள். எனக்கு அது சந்தனமாகக்கூட வரவில்லை. வெறும் புகையாகத்தான் வந்தது. முதலாளி கத்தவில்லை. "மூக்கைச் சரி பண்ணிட்டு வாம்மா. இல்லேன்னா உருட்டுற பக்கம் உக்காந்துக்க" என்றார். கத்தியிருந்தால் தேவலை.

நேராக மாடிப்படி ஏறினேன். "நீங்கதானுங்க செய்யணும். வேற ஒருத்தரும் தொட மாட்டேங்கறாங்க. எனக்கு வேலை போயிருமுங்க" என்றேன்.

"என்னால முடியாது கொள்ளேகால். கை வராது." என் ஊர் பேரைச் சொல்லித்தான் அவர் என்னைக் கூப்பிடுவார்.

"உங்க கை வரலைன்னா என் குடும்பம் தெருவுக்கு வருமுங்க."

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தார். "சரி. வியாழக்கிழமை வா" என்றார்.

வியாழக்கிழமை எல்லாமே வேறு மாதிரி இருந்தது. காரத்துக்குக் கண்ணாடிக் கிண்ணம், ஊசி மருந்துக்கு எவர்சில்வர் கிண்ணம். தலைமாட்டில் நாடி பார்க்க இன்னொரு டாக்டர் வரப்போவதாகச் சொன்னார். மெஷின் ஒன்று என் விரலைக் கவ்விக்கொண்டு டிக் டிக் என்றது. டாக்டரம்மா என் கையைப் பிடித்தார்.

"உன்னுது ஓடுதே."

"பயந்தானுங்க. வேறொண்ணுமில்லை. நீங்க ஆரம்பிங்க."

அவர் ஆரம்பிக்கவில்லை. சிஸ்டரை வெளியே அனுப்பினார். மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கினார்.

"கத்திக்கு முன்னாடி எல்லாருக்கும் அந்தக் கதையைச் சொல்றேன், அல்வா? உனக்கும் சொல்லணும். ஆனா உன்கிட்ட பாதிக் கதை சொல்ல முடியாது."

நான் முகத்தில் போட்டிருந்த துணியை விலக்கிப் பார்த்தேன்.

"அன்னிக்கு மருந்தை நான்தான் ஊத்தினேன். அப்பவே பார்த்தேன், பொட்டு இல்லே. வலது பக்கம் காரம்னு மனசுல வெச்சுக்கிட்டேன். தட்டை உள்ளே கொண்டு போகச் சொல்லிட்டு, கை கழுவிட்டிருந்தேன். ஜெயம்மா தட்டோட வந்து நின்னா. 'டாக்டரம்மா, பொட்டு ஹோகிபிட்டிதெ, அழிஞ்சுபோச்சு. தட்டைத் திருப்பிப் பிடிச்சேனோ என்னமோ, எது எதுன்னு கொத்தில்ல, தெரியலே. கொட்டிட்டு வேற கலக்கலாமா?'ன்னு கேட்டா. வீட்ல தசராவுக்கு வந்த விருந்தாளிங்க இலை போட்டுக் காத்திருந்தாங்க. திரும்பக் கலக்கினா பத்து நிமிஷம். நான், 'எனக்குத் தெரியும், நீ போ'ன்னேன்."

மெஷின் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

"அவ சொன்னா. நான் கேக்கலே" என்றார் டாக்டரம்மா.

நான் எழுந்து உட்கார்ந்தேன். "அப்ப ஊரெல்லாம் சொன்னது?"

"தப்பு என்னோடதுன்னுதானே சொன்னேன்? அவ பேரை ஒருநாளும் சொன்னதில்லையே."

"சொல்லாமத்தானுங்க சொன்னீங்க!" என்று கத்திவிட்டேன். கத்திய வாய் அப்படியே நின்றது. மூட்டை வாங்கப் போன அன்று நான் அவள் வாசலில் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்துவிட்டது. பொட்டு அழிவதுகூடத் தெரியாமல் தேய்ப்பாளா ஒருத்தி. நான் கேட்டபோது அவள் இதில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டாக்டரம்மா சாப்பிடுகிறாரா என்று கேட்டாள். ஐயோ, நான் அதற்கும் எரிந்து விழுந்தேனே!

விரலிலிருந்த மெஷினைக் கழற்றினேன். "மொதல்ல அவகிட்டப் போய்ச் சொல்லுங்க. அப்புறம் என் மூக்கைத் தொடுங்க."

"உன் வேலை..."

"போனாப் போகட்டுமுங்க."

கட்டிலை விட்டு இறங்கினேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர், "அதுக்குள்ள முடிஞ்சுதா?" என்று எழுந்தார். "ஆரம்பிக்கவே இல்லை. ஆட்டோவை எடுங்க, ஸ்ரீரங்கப்பட்டணம் போகணும்" என்றேன். டாக்டரம்மா போட்டிருந்த வெள்ளைக் கோட்டோடு வந்து ஏறினார். அன்று ஒருநாள்தான் அவர் எங்கள் வீட்டுக்காரர் கையைப் பிடித்துப் பார்க்காமல் ஆட்டோவில் உட்கார்ந்தது.

ஜெயம்மா வாசலில் உருட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழப் போனாள். "உக்காரு" என்றார் டாக்டரம்மா. அவள் உட்கார்ந்தே இருந்தாள். டாக்டரம்மா தெருவில் நின்றுகொண்டு, அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து கூடியதைப் பற்றிக் கவலைப்படாமல், முழுக் கதையையும் கன்னடத்தில் சொன்னார். பொட்டு இல்லாததைத் தான் பார்த்தது, அவள் சொன்னது, தான் கேட்காதது, விருந்தாளி, பத்து நிமிஷம். எதையும் விடவில்லை. ஜெயம்மா கேட்டுக்கொண்டே ஒரு குச்சியை உருட்டி முடித்து, வரிசையில் வைத்தாள்.

டாக்டரம்மா குனிந்து, பழக்க தோஷத்தில், இரண்டு விரல்களை அவள் மணிக்கட்டுக்குக் கொண்டுபோனார்.

ஜெயம்மா கையை இழுத்துக்கொண்டாள். "பேடா டாக்டரம்மா" என்றாள், வேண்டாம் என்று.

ஜெயம்மா கரிக் கையைச் சேலையில் துடைத்தாள். துடைத்துவிட்டு, டாக்டரம்மாவின் கையைத் தானே பிடித்து, எத்தனையோ வருடம் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி, இரண்டு விரல்களை மணிக்கட்டில் வைத்தாள். அவளுக்கு எண்ணத் தெரியுமோ என்னமோ. கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"ஓட்தா இதெ" என்றாள். ஓடுகிறது. பிறகு கையை மெதுவாக விட்டுவிட்டுச் சொன்னாள். "ஓட்லி பிடி."

ஓடட்டும், விடுங்கள் என்றாள். திட்டவில்லை, அழவில்லை. அடுத்த குச்சியை எடுத்தாள். எடுத்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, "உங்க மூக்கு ஆயித்தாம்மா?" என்றாள்.

சரியாகிவிட்டதா என்று கேட்கிறாள். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. தெரு வாசலில் உட்கார்ந்து அழுதேன். "என்னை மன்னிச்சிரு ஜெயம்மா, தெரியாமப் பேசிட்டேன்" என்றேன். அவள் உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை.

அவள் நர்சிங் ஹோமுக்குத் திரும்ப வரவில்லை. டாக்டரம்மா அடுத்தடுத்த வாரம் போய்க் கூப்பிட்டார், நானும் போனேன். "இல்லே ஆராமா இதீனி" என்பாள், இங்கேயே நிம்மதியாக இருக்கிறேன் என்று. டாக்டரம்மா கதை சொல்வதை நிறுத்தவில்லை. ஆனால் அன்றிலிருந்து கதை நீண்டது. "எங்க ஆயா ஜெயம்மா எச்சரிக்கை பண்ணினா, நான் கேக்கலே" என்பது அதில் சேர்ந்தது. கேட்டவர்களில் முன்பைவிட அதிகம் பேர் எழுந்து போனார்கள். முன்பு பாராட்டியவர்கள்கூட அதற்குப் பிறகு பாராட்டவில்லை.

நான் எழுந்து போகவில்லை. அடுத்த மாதம் அதே கட்டிலில் படுத்தேன். ஊசி குத்தியபோது நெஞ்சு கொஞ்சம் வேகம் பிடித்தது. அவர் குத்துவதை நிறுத்திவிட்டு, அது இறங்கும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இறங்கிய பிறகுதான் தொடர்ந்தார். யார் காத்திருந்தார்களோ, எத்தனை நிமிஷம் போனதோ, அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

மூக்குக்குள் வைத்திருந்த துணியை எடுத்த காலையில், முதல் மூச்சு உள்ளே போனதும் எனக்குத் தலை சுற்றியது. ஸ்பிரிட் வாடை. அதற்கடியில் சோப்பு. அதற்கும் அடியில் டாக்டரம்மா தலையில் இருந்த மல்லிகை. எத்தனை நாள் ஆயிற்று! என் வேலை எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. சந்தோஷத்தில் அழுகை வந்தது. டாக்டரம்மா என் மணிக்கட்டில் விரல் வைத்தார்.

"சொல்லு கொள்ளேகால், நடக்குதா, ஓடுதா?"

"நடக்குதுங்க. நல்லாவே நடக்குதுங்க" என்றேன். விளையாட்டாக என் இரண்டு விரல்களை அவர் பக்கம் நீட்டினேன். "உங்களுதுங்க?"

டாக்டரம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.